மலையேறும் மோட்டார்: டர்போவும் பின் பல்விகிதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நிகழ்ச்சி நிரலிலே எமது பேச்சின் தலைப்பைக் கண்டதும் பெரியவர்கள் சிலர் புன்னகை செய்திருப்பார்கள். கல்வி, ஒழுக்கம், இசை, நாடகம் என்று பேசி வந்த மேடையிலே மோட்டார் வண்டியின் பல்லைப் பற்றிப் பேசுவதா என்று தோன்றுவது இயல்பே. ஆனால் இந்தத் தலைப்பை யாம் தேர்ந்தெடுக்கவில்லை, வாலிபர்களே தேர்ந்தெடுத்தார்கள். மண்டபத்து வாசலிலே இரண்டு பேர் கூடினால் மூன்றாவதாக வந்து நிற்பது ஒரு கேள்வி: "எந்த டர்போ போடலாம்? பின்னுக்கு எந்தப் பல்லுப் போடலாம்?" இந்தக் கேள்விக்கு ஒருவர் ஒன்றும் மற்றவர் வேறொன்றும் கூற, கடைசியிலே கையிலுள்ள பணத்தைக் கொடுத்துப் பெரிய டர்போ ஒன்றை வாங்கிக்கொண்டு எமது பட்டறைக்கு வருகிறார்கள். பணம் போனபின் வரும் அறிவைப் பணம் போவதற்கு முன்னே கொடுப்பது பெரியோர் கடமை என்று செயற்குழு கருதியதால், பட்டறைக்காரராகிய எம்மை இங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

யாம் படித்த பொறியியலாளர் அல்லோம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து லொறிகளையும் வான்களையும் பழுது பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். கற்றதிலே பாதி எமது தவறுகளினாற் கற்றது. ஆகவே எமது தவறு ஒன்றையும் இன்று மறைக்காமற் சொல்வோம்.

மலையிலே காற்றின் வறுமை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,128 அடி உயரத்திலே இருக்கிறது. ஹட்டன் 4,000 அடிக்கு மேல். உயரம் கூடக் கூடக் காற்றின் அமுக்கம் குறையும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாவரும் படித்திருப்பீர்கள். கொழும்பிலே காற்றின் அமுக்கம் 101 என்று வைத்தால், நுவரெலியாவிலே அது 81 அளவிலே நிற்கும். ஐந்து மூச்சுக்கு ஒரு மூச்சுக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சின் குடிப்பது பெற்றோல் என்று நாம் நினைக்கிறோம். உண்மையிலே அது குடிப்பது காற்று. ஒரு இறாத்தல் பெற்றோலை முழுதாக எரிக்க 14.7 இறாத்தல் காற்று வேண்டும். காற்று குறைந்தால், எவ்வளவு பெற்றோலை ஊற்றினாலும் புகைதான் மிஞ்சும். ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று வீதம் வலு குறையும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. அந்தக் கணக்கின்படி, கொழும்பிலே 100 குதிரை வலு தரும் இஞ்சின் நுவரெலியாவிலே 82 அளவே தரும். மலை செங்குத்தாக எழும் இடத்திலேதான் வலு அதிகம் வேண்டும். அந்த இடத்திலேதான் வலு குறைகிறது. இதுவே மலைநாட்டு மோட்டார்க்காரனின் முதற் கஷ்டம்.

இந்தக் கஷ்டம் எமக்கு மட்டும் உரியதன்று. முதல் உலக யுத்த காலத்திலே ஆகாய விமானங்கள் உயரே செல்லச் செல்ல வலுவிழந்தன. அமெரிக்காவிலே சான்போர்ட் மோஸ் என்னும் பொறியியலாளர், 1918ஆம் ஆண்டு, லிபர்ட்டி என்னும் விமான இஞ்சினை 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் பீக் மலையின் உச்சிக்கு ஏற்றிச் சென்று சோதித்தார். தரையிலே 350 குதிரை வலு தந்த அந்த இஞ்சின், உச்சியிலே 230 அளவே தந்தது. டர்போசார்ஜரைப் பூட்டியதும் 356 தந்தது. அதே மலையிலேதான் 1916ஆம் ஆண்டு முதல் மோட்டார் வண்டிகளின் மலையேற்றப் போட்டியும் நடந்து வருகிறது. டர்போசார்ஜர் என்னும் கருவியின் மூல எண்ணம் சுவிற்சர்லாந்து தேசத்தவராகிய அல்பிரட் பூகி என்பவருடையது. அவர் 1905ஆம் ஆண்டிலேயே அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். ஆகவே டர்போ மலையிலே சோதித்துப் பெயர் பெற்ற பொருள் என்பதை மலைநாட்டு வாலிபர்கள் பெருமையோடு நினைக்கலாம்.

புகையாற் சுழலும் டர்பைன்

டர்போ என்றால் என்ன என்று பெரியவர்கள் கேட்கலாம். அவர்களுக்கு விளங்கச் சொல்வது எளிது. பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றிலே, கீழே ஓடையருகே ஒரு டர்பைன் வீடு இருந்தது. மேலிருந்து குழாய் வழியாக விழும் தண்ணீர் சக்கரத்தின் கிண்ணங்களில் மோத, சக்கரம் சுழன்று தொழிற்சாலை ஓடும். அதே தொழிற்சாலையின் மாடியிலே கொழுந்தை வாட்டுவதற்குப் பெரிய மின்விசிறி காற்றைத் தள்ளும். அந்த டர்பைனையும் அந்த விசிறியையும் உள்ளங்கை அளவாக்கி, ஒரே தண்டின் இரு முனைகளிலும் பூட்டினால் அதுவே டர்போ. தண்ணீருக்குப் பதிலாக இஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு முனையைச் சுழற்றும். மறுமுனையிலுள்ள விசிறி வெளிக்காற்றை இழுத்து அமுக்கி இஞ்சினுக்குள்ளே தள்ளும். வீணாய்ப் போகும் புகையைக் கொண்டே காற்றின் வறுமையைத் தீர்ப்பது அதன் வேலை.

அந்தச் சிறு தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். மெல்லிய எண்ணெய்ப் படலத்திலே மிதந்துகொண்டு சுழல்கிறது. எண்ணெய் பழசானால், அல்லது மலையேறி வந்த உடனே இஞ்சினை நிறுத்திவிட்டால், சூட்டிலே எண்ணெய் கருகித் தண்டு கெடும். ஒரு நிமிடமாவது இஞ்சினைச் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். அந்த நிமிடத்துக்குச் செலவாகும் பெற்றோல், புது டர்போவின் விலையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

பெரியதா, சிறியதா?

இனி, எந்த டர்போ என்னும் கேள்விக்கு வருவோம். வாலிபர்கள் பெரியதையே விரும்புவார்கள். பெரிய டர்போவுக்குப் பெரிய சக்கரம். பெரிய சக்கரம் சுழலப் புகை அதிகம் வேண்டும். புகை அதிகம் வர, இஞ்சின் வேகமாகச் சுற்ற வேண்டும். அதுவரை டர்போ உறங்கும். சிறிய டர்போ சீக்கிரம் விழிக்கும்; ஆனால் இஞ்சின் வேகம் உயர்ந்ததும் புகை வெளியேற வழியின்றி நெருங்கி, இஞ்சினின் மூச்சை அடைக்கும். பெரியது நேரான நீண்ட பாதைக்கு உகந்தது. வளைவுக்கு வளைவு நின்று எழும்பும் மலைப் பாதைக்குச் சிறியதே துணை.

இதைக் கணக்கினாற் பார்ப்போம். கணக்கு என்றதும் வாலிபர்கள் சிலர் வாசலை நோக்குவதைக் காண்கிறோம். அமருங்கள், கூட்டலும் பெருக்கலும் தவிர வேறொன்றுமில்லை.

ஒன்றரை லீற்றர் இஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் வயிற்றை நிரப்பும். நிமிடத்துக்கு 6,500 சுற்றானால், 1.5 லீற்றரின் பாதி பெருக்கல் 6,500, ஆக 4,875 லீற்றர். வயிறு முழுதும் நிரம்புவதில்லை. பத்திலே ஒன்பது பங்கு நிரம்பும் என்று வைத்தால் ஏறத்தாழ 4,390 லீற்றர். உள்ளே செல்லும் காற்றின் அமுக்கத்தை 161 ஆக உயர்த்தி, இன்டர்கூலர் என்னும் காற்றுக் குளிராக்கியினால் அதை 45 பாகைக்கு ஆற்றினால், அந்தக் காற்றின் நிறை நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 இறாத்தல் ஆகும். நிமிடத்துக்கு ஒரு இறாத்தல் காற்றுக்குப் பத்துக் குதிரை வலு என்பது பட்டறை வழக்கு. ஆகவே 170 குதிரை வலு அளவிலே எதிர்பார்க்கலாம்.

கொழும்பிலே இந்த 161ஐ அடைய, வெளிக்காற்றின் 101ஐ 1.6 மடங்கு அமுக்கினாற் போதும். நுவரெலியாவிலே வெளிக்காற்றே 81. அதை 161 ஆக்க இரண்டு மடங்கு அமுக்க வேண்டும். அதே வலுவுக்கு மலையிலே டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதுமட்டுமன்று. மெல்லிய காற்றிலே 17 இறாத்தலைச் சேர்க்க, டர்போ விழுங்க வேண்டிய காற்றின் கன அளவும் கூடுகிறது. டர்போ செய்பவர்கள் ஒவ்வொரு டர்போவுக்கும் ஒரு வரைபடம் வெளியிடுகிறார்கள். கொழும்பு வண்டிக்காரன் அந்தப் படத்திலே 1.6 மடங்கும் 17 இறாத்தலும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நுவரெலியா வண்டிக்காரனோ இரண்டு மடங்கும் ஏறத்தாழ 21 இறாத்தலும் சந்திக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். கொழும்பிலே நன்றாக ஓடிய சின்ன டர்போ, அதே அமுக்கத்தைத் தரும்படி மலையிலே வற்புறுத்தப்பட்டால் எல்லையைத் தாண்டிச் சுழன்று உடையும். இதனை அறியாமல், "கொழும்பிலே என் மைத்துனனின் வண்டியிலே இதுதான் இருக்கிறது" என்று வாங்கி வருபவர்கள் பலர்.

காற்றை அமுக்கினாற் சூடேறும் என்பதையும் மறக்கலாகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடி சுடுவதைச் சிறுவயதிலே தொட்டுப் பார்த்திருப்பீர்கள். 20 பாகைக் காற்றை இரண்டு மடங்கு அமுக்கினால், டர்போவிலிருந்து வெளிவரும்போது அது 110 பாகை அளவிலே இருக்கும். சூடான காற்று இஞ்சினுக்குள் போனால் பெற்றோல் நேரத்துக்கு முன்னே வெடித்துத் தட்டும் ஓசை எழும்பும். அந்த ஓசை கேட்டும் காலை எடுக்காதவன் பிஸ்ரனை உடைப்பான். ஆகவே டர்போ வாங்கப் பணமிருந்து, காற்றுக் குளிராக்கிக்குப் பணமில்லை என்றால், இன்னும் ஒரு வருடம் பொறுத்திருங்கள்.

பின் அச்சின் பல்

பெரியவர்கள் தேயிலைத் தொழிற்சாலையின் நெடுந்தண்டைப் பார்த்திருப்பார்கள். ஒரே தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் இறங்கி, ஒரு யந்திரத்தை மெதுவாகவும் மற்றொன்றை வேகமாகவும் ஓட்டும். சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தை ஓட்டினால் வேகம் குறையும், பலம் கூடும். மோட்டார் வண்டியின் பின் அச்சிலும் இதே காரியம் நடக்கிறது. பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. கிரவுன் வீலில் 39 பல்லும் பினியனில் 10 பல்லும் இருந்தால் விகிதம் 3.9. 43க்கு 10 ஆனால் 4.3. 39க்கு 8 ஆனால் 4.875. எண் கூடக் கூட வண்டி பலமாக இழுக்கும். ஆனால் உச்ச வேகம் குறையும்.

எமது உதாரண வண்டியின் டயர் ஒரு சுற்றுக்கு 1.8 மீற்றர் ஓடுவதாகவும், மூன்றாம் கியரின் விகிதம் 1.3 என்றும், இரண்டாம் கியரின் விகிதம் 2 என்றும் வைப்போம். இஞ்சின் 6,500 சுற்றிலே நிற்க, மூன்றாம் கியரிலே, 3.9 பல் வண்டியை மணிக்கு 138 கிலோமீற்றர் கொண்டு போகும், 4.3 பல் 125 அளவுக்கு, 4.875 பல் 110 அளவுக்கு. "138 தான் நல்லது" என்று ஒரு தம்பி நினைப்பார். அந்த 138ஐ ஓடுவதற்குப் பாதை எங்கே? மலைப்பாதையின் வேகமான இடத்திலே 110க்கு மேல் எட்ட முடியாதென்றால், மிஞ்சிய 28 கிலோமீற்றரும் பெட்டியிலே பூட்டி வைத்த நகை போன்றது. அந்த நகையை விற்று இழுவையை வாங்குவதே புத்தி.

இரண்டையும் ஒன்றாகப் பார்த்தல்

இப்பொழுது எமது தவறைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன், வாலிபர் ஒருவர் பின்சக்கரம் உந்தும் பழைய கார் ஒன்றை எம்மிடம் கொண்டுவந்தார். மலையேற்றப் போட்டியிலே ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் கையிலே பெரிய டர்போ ஒன்றிருந்தது. வண்டியிலே 3.9 பல் இருந்தது. "பெரியதைப் போடுங்கள்" என்றார். யாமும் அவர் உற்சாகத்திலே மயங்கி, கணக்குப் பாராமற் பூட்டிக் கொடுத்தோம். சமபாதையிலே வண்டி பறந்தது. மலையிலே ஏற்றிப் பார்த்தபோதோ, டர்போ இல்லாத முந்திய நாளைக் காட்டிலும் மெதுவாக ஏறியது. வாலிபரின் முகத்தை எம்மாற் பார்க்க முடியவில்லை. இரண்டு வருடச் சேமிப்பு அது.

அன்றிரவு உட்கார்ந்து, முன்னமே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டோம். கொண்டை ஊசி வளைவிலே வண்டி மணிக்கு 35 கிலோமீற்றரிலே திரும்புகிறது. இரண்டாம் கியர். 3.9 பல்லோடு அப்போது இஞ்சின் சுற்றுவது ஏறத்தாழ 2,530. 4.3 பல்லோடு 2,790. 4.875 பல்லோடு 3,160. மலையின் மெல்லிய காற்றிலே அந்தப் பெரிய டர்போ நாலாயிரத்துக்கு முன் விழிப்பதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வண்டி உறங்கும் டர்போவைச் சுமந்துகொண்டு எழும்பியது. டர்போ கண் விழிக்கும் நேரம் அடுத்த வளைவு வந்துவிட்டது. குறை டர்போவிலும் இல்லை, பல்லிலும் இல்லை. இரண்டையும் பொருத்திப் பார்க்காத எமது தலையிலேதான் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் தனித்தனியே நல்லவர்களாயிருந்தும் பொருத்தம் பாராமற் செய்த கலியாணம் அது.

எமது செலவிலேயே பெரியதைக் கழற்றி, 3,000 சுற்றிலே விழிக்கும் சிறியதைப் பூட்டி, பின்னுக்கு 4.875 பல்லை மாற்றினோம். வளைவை விட்டு வெளிவரும்போதே டர்போ விழித்திருந்தது. அந்த வண்டி எந்தக் கிண்ணத்தையும் வெல்லவில்லை, ஆனால் ஏறியது. வாலிபரும் எம்மை மன்னித்தார். அவர் இன்று இந்தச் சபையிலே இருக்கிறார் என்பதால் இதற்கு மேற் கூறவில்லை.

ஆகவே தம்பிமாரே, முறை இதுதான். முதலிலே பாதையை நடந்து பாருங்கள். வேகமான இடம் எது, மெதுவான வளைவு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, வேகமான இடத்திலே இஞ்சின் தன் உச்சத்தை அடையும்படி பின் பல்லைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது, அந்தப் பல்லோடு மெதுவான வளைவிலே இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றும் என்று கணக்கிடுங்கள். நாலாவது, அந்தச் சுற்றிலே விழித்திருக்கும் டர்போவைத் தேடுங்கள். ஐந்தாவது, அந்த டர்போ நமது மலைக் காற்றிலே எல்லை தாண்டாமல் நிற்குமா என்று வரைபடத்திலே பாருங்கள். பாதை முதலில், பல் இரண்டாவது, டர்போ கடைசியில். வாலிபர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதனாலேதான் பட்டறைக்காரர் பிழைக்கிறோம்.

ஏற்றமும் இறக்கமும்

இனிச் சொல்லப் போவது வாலிபருக்கும் பெரியவருக்கும் பொதுவானது. இதைச் சொல்வதற்காகவே இந்த அழைப்பை ஏற்றோம்.

நுவரெலியா வசந்த காலத்து மோட்டார்ப் போட்டிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. தேயிலைச் செடிகளின் நடுவே, ஏப்ரில் மாதத்திலே, கொழுந்துக் கூடைகளோடு நடந்த பாதைகளிலே வண்டிகள் ஒவ்வொன்றாக நேரத்தோடு போட்டியிட்டு ஏறுவதை எமது தகப்பன்மார் பார்த்தார்கள், நாமும் பார்க்கிறோம். ராதல்லையிலும் அத்தகைய போட்டி நடக்கிறது. மலையேற்றப் போட்டியிலே வண்டி ஏறுவதற்கு மட்டுமே நேரம் எடுக்கிறார்கள். இறங்குவதற்கு யாரும் நேரம் பார்ப்பதில்லை. ஆனால் நாம் வாழும் மலையிலே ஏறியவன் எல்லாம் இறங்கியே ஆக வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி மாலை, நானுஓயா ராதல்லைக் குறுக்குப் பாதையிலே நடந்ததை இங்கே ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாணவர்களை ஏற்றி இறங்கிக்கொண்டிருந்த பஸ் ஒன்று, எதிரே வந்த வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியது. 7 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். அந்த விபத்திலே யார் குற்றவாளி என்று கூற யாம் வரவில்லை. அது நீதிமன்றத்தின் காரியம். யாம் கூற வருவது, எந்த இறக்கத்துக்கும் பொருந்தும் ஒரு கணக்கு.

பத்துத் தொன் நிறையுள்ள ஒரு பஸ், உயரத்திலே 300 மீற்றர் இறங்குகிறது என்று வையுங்கள். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், அந்த இறக்கத்தின் சக்தி முழுவதும் எங்கேயாவது சூடாக மாற வேண்டும். அந்தச் சூடு, 100 லீற்றர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 90 பாகைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு கலியாண வீட்டுக்குத் தேநீர் போடும் சூடு! அது முழுவதையும் நான்கு சக்கரத்து பிரேக்குகளிலே கொட்டினால், பிரேக் மணக்கும், புகையும், பின்னர் பிடிக்காது. அந்தச் சூட்டின் ஒரு பங்கை இஞ்சினும் எக்ஸோஸ்ட் பிரேக்கும் ஏற்க வேண்டும். இஞ்சின் அதை ஏற்பது எதன் வழியாக? கியரின் வழியாக, பின் பல்லின் வழியாக. ஏறும்போது இஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குப் பெருக்கிக் கொடுத்த அதே பல், இறங்கும்போது இஞ்சினின் தடையைச் சக்கரத்துக்குப் பெருக்கிக் கொடுக்கிறது. 3.9ஐ விட 4.875 ஏறும்போது நாலிலே ஒரு பங்கு அதிகம் இழுக்கும். இறங்கும்போதும் அதே கியரிலே நாலிலே ஒரு பங்கு அதிகமாகவும், அதற்கு மேலும் பிடிக்கும், ஏனெனில் இஞ்சினும் வேகமாகச் சுற்றுகிறது.

டர்போவோ இறக்கத்திலே உதவாது. காலை எடுத்தவுடன் அது உறங்கிவிடும். ஒரு லீற்றர் இஞ்சினுக்கு டர்போ பூட்டி ஒன்றரை லீற்றரின் வலுவைப் பெறலாம். ஆனால் இறங்கும்போது அது மறுபடியும் ஒரு லீற்றர் இஞ்சின்தான். ஒன்றரை லீற்றரின் வேகத்தோடு உச்சிக்குப் போனவன், ஒரு லீற்றரின் பிடியோடு இறங்குகிறான். புதுச் சின்ன இஞ்சின் கார்களிலே வருபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்மையிலே லொறிக்காரர் ஒருவர் எம்மிடம் வந்தார். டீசல் விலை தாங்க முடியவில்லை. பின் பல்லை மாற்றினால் இஞ்சின் மெதுவாகச் சுற்றும், செலவு குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் சொன்னது சமபாதையிலே உண்மைதான். பிள்ளைகள் மூவரைப் படிப்பிக்கும் அவருடைய கஷ்டமும் உண்மைதான். எனினும் யாம் மறுத்தோம். கோபித்துக்கொண்டு போனார். வேறிடத்திலே மாற்றிக்கொண்டு வந்ததாகக் கேள்விப்பட்டோம். மூன்று வாரத்துக்குப் பின் லொறி மறுபடியும் எமது வாசலிலே நின்றது. முதலாளி வரவில்லை, சாரதிதான் வந்திருந்தார். முப்பது வருடம் இந்த வளைவுகளிலே லொறி ஓட்டிய மனிதர். "ஐயா, பழைய பல்லையே போட்டுத் தாருங்கள். ஏறும்போது லொறி என்னைக் கேட்கும், குடுக்கிறேன். இறங்கும்போது நான் லொறியைக் கேட்பேன். இப்ப அது கைவிரிக்குது. இந்த லொறியை இறக்க மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்" என்றார். வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முதலாளியும் நல்லவர், பணத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். பழைய பல்லைப் பூட்டினோம். கூலி வாங்க எமக்கு மனம் வரவில்லை. எனினும் சாரதி வற்புறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

எத்தனையோ கணக்குப் புத்தகங்கள் சொல்லாததை அந்தச் சாரதி ஒரே வாக்கியத்திலே சொல்லிவிட்டார். மலைநாட்டிலே வண்டிக்குப் பல் தேடுபவன், "எவ்வளவு வேகமாக ஏறும்?" என்று ஒரு கேள்வியும், "எவ்வளவு பத்திரமாக இறங்கும்?" என்று ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்வியை மறந்தவனுக்கு முதற் கேள்வியின் விடை பயன்படாது.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை

வேகத்தை விரும்பாதே என்று வாலிபரிடம் சொல்ல யாம் வரவில்லை. அது ஆற்றைப் பார்த்து மேலே ஓடு என்பது போலாகும். வேகத்தை விரும்புங்கள், ஆனால் அதற்கு உரிய இடத்திலே விரும்புங்கள். போட்டிப் பாதை, மூடப்பட்ட பாதை. அங்கேகூட ஆபத்து உண்டு. 2024ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆந் திகதி தியத்தலாவையிலே நடந்த போட்டியில், கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மேற் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். போட்டி பார்க்கப் போகிறவர்கள் வளைவின் வெளிப்பக்கத்திலே நிற்கலாகாது என்பதை உங்கள் தம்பி தங்கையருக்குச் சொல்லிக் கொடுங்கள். போட்டிப் பாதையிலேயே இப்படியென்றால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வரும் பாதையிலே, கொழுந்து நிறுத்துவிட்டுத் தாய்மார் திரும்பும் பாதையிலே வேகத்தைச் சோதிப்பது வீரமல்ல.

பணத்தைச் செலவழிக்கும் ஒழுங்கையும் சொல்லி முடிக்கிறோம். முதற் பணம் பிரேக்குக்கு. இரண்டாவது டயருக்கு. மூன்றாவது இஞ்சினைக் குளிராக்கும் றேடியேற்றருக்கும் எண்ணெய்க்கும். நாலாவது பின் பல்லுக்கு. அதற்குப் பின்னும் கையிலே மிஞ்சினால் டர்போவுக்கு. ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிறோம். அது நல்லது. அந்தப் பழத்தை வைக்கக் குனியும்போது, சக்கரத்தின் உள்ளே பிரேக் லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் ஒருமுறை பார்த்துவிட்டால், பூசை பூரணமாகும்.

பட்டறைக் கதவு சங்கத்து வாலிபர்களுக்கு எப்பொழுதும் திறந்திருக்கிறது. டர்போ வாங்கிய பின்னரல்ல, வாங்குவதற்கு முன்னர் வாருங்கள். ஒரு கடதாசியும் பென்சிலும் கொண்டுவாருங்கள். தேநீர் எமது செலவு. கணக்கைச் சேர்ந்து போடுவோம்.